இடது காலுக்கு விடுமுறை!

ஆட்டோ கியர் காரில் ஆட்டோகிராஸ் ஓட்ட முடியுமா? அனந்தபுரம் கொல்லையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லை. செடி போன இடமெல்லாம் செம்மண் பொலபொலவென்று கிடக்கிறது. காலை ஆறரை மணி. வடக்கே, வண்டி வண்டியாகப் பாறையை அள்ளி வந்து கொட்டிவிட்டுப் போனது மாதிரி செஞ்சி மலைகள். அனந்தபுரத்தில் டீக்கடைகள் திறந்துவிட்டன. கொல்லை ஓரத்துப் புளியமரத்தடியில் ஏழெட்டுப் பேர். நடுவில் இரண்டு கார்கள்.

நிலம் என் மச்சானுடையது. அடுத்த உழவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்பதால் எங்களுக்கு இரவல். நீளவாக்கில் பதினெட்டு அடையாளங்கள் நட்டிருந்தோம். பன்னிரண்டு கோன்களை உள்ளூர் டிரைவிங் ஸ்கூலில் கேட்டு வாங்கினோம். மீதிக்கு நான்கு பெயிண்ட் டப்பா, இரண்டு ஓட்டைக் குடம். முதலில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஐந்து கோன். அப்புறம் ஒரு பெரிய வட்டம். அங்கிருந்து நேராக வந்து, கோன்களால் கட்டிய ஒரு பெட்டிக்குள் நுழைந்து திரும்பி, வந்த வழியே புறப்பட்ட இடத்துக்கு. இதுதான் பாதை.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் பழைய மேனுவல் காரில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். செல்போன் 41 நொடி காட்டியது. அடுத்து நான். ஐந்து வருடம் ஓடிய ஆட்டோ கியர் வண்டி. லீவரை ‘டி’யில் தள்ளி, ஹெல்மெட்டைச் சரிசெய்து, ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன். கார் கொஞ்சம் யோசித்தது. பிறகு புறப்பட்டது. மூன்றாவது கோனைத் தாண்டி ஸ்டியரிங்கை ஒடிக்கும் நேரம் பார்த்து, தானாகவே அடுத்த கியருக்குப் போனது. இழுவை அறுந்தது. முன்சக்கரம் திரும்பாமல் வழுக்கியது. ஒரு குடம் காலி. 48 நொடி.

“சார், வண்டியை நீங்க ஓட்டல. அது உங்கள ஓட்டுது” என்றார் மாஸ்டர். கூட்டம் சிரித்தது.

பின்னால் நின்ற மச்சானின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. செவிலியர். தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவர். கார் பழகியதே இந்த ஆட்டோ கியர் வண்டியில்தான். கிளட்ச் என்ற சமாச்சாரம் அவருக்குத் தெரியாது. “அண்ணா, நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டா?” என்றார்.

அவர் ஓட்டியதைப் பிறகு சொல்கிறேன்.

கடிகாரத்தோடு மல்லுக்கட்டு

ஆட்டோகிராஸில் பக்கத்தில் இன்னொரு கார் இருக்காது. ஒரு நேரத்தில் ஒரே கார், எதிராளி கடிகாரம். பாதையை முன்கூட்டி யாரும் ஓட்டிப் பழக முடியாது, நடந்துதான் பார்க்கலாம். ஒரு சுற்று ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். வேகமும் நெடுஞ்சாலையில் நாம் சாதாரணமாகப் போகும் வேகம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், நெடுஞ்சாலையில் ஒரு வருடத்துக்குத் திருப்புவதைவிட அதிகமாக ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியிருக்கும்.

இதற்காகத் தனி கார் வாங்க வேண்டாம் என்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்ட கார் மாலையில் கோன்களுக்கு நடுவே ஓடலாம். அப்படி வரும் வீட்டுக் கார்களில் இப்போது ஆட்டோ கியர் வண்டிகள் பெருகிவிட்டன. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு அது பணக்காரர் சமாச்சாரம். 2014 பிப்ரவரியில் மாருதி செலெரியோ ஏஎம்டி வந்த பிறகு கதை மாறியது. சின்ன கார், கட்டுப்படியாகும் விலை, மேனுவலுக்கு ஈடான மைலேஜ், கிளட்ச் கிடையாது. இன்று செஞ்சி கடைவீதியிலேயே நாலு வண்டிக்கு ஒன்றாவது இரண்டு பெடல் வண்டியோ என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணிப் பார்க்கவில்லை, கண்ணில் படுவதைச் சொல்கிறேன்.

ஆகவே இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது: “ஆட்டோ கியர் வெச்சு ரேஸ் ஓட்ட முடியுமா?”

▣ பெட்டிச் செய்தி: ஆட்டோகிராஸ் – ஊருக்கு ஒரு முகம்

• அமெரிக்காவில் பெரும்பாலும் தார், கான்கிரீட் தளம்: காலி வாகன நிறுத்துமிடங்கள், பழைய விமான ஓடுதளங்கள். அங்குள்ள எஸ்சிசிஏ அமைப்பு இதை ‘சோலோ’ என்கிறது. தேசியப் போட்டி 1973 முதல் நடக்கிறது. ஒரு கோனைத் தட்டினால் 2 நொடி அபராதம்.

• பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்றால் புல்வெளியும் மண்ணும். தார்த்தளத்தில் கோன் சுற்றும் போட்டிக்கு அங்கே வேறு பெயர்.

• இந்தியாவில் பெரும்பாலும் மண் பாதை. புழுதிதான் இங்கே முத்திரை.

• இந்திய மோட்டார் பந்தயங்களுக்கு உரிமமும் அனுமதியும் தருவது எஃப்எம்எஸ்சிஐ. தலைமையிடம் சென்னை.

இரண்டாவது கியரின் ராஜ்ஜியம்

மேனுவல் காரில் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறவர் கியரை எத்தனை முறை மாற்றுவார்? நான் பத்துப் பதினைந்து என்று நினைத்திருந்தேன். மாஸ்டர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்று. ஒன்றில் புறப்பட்டார், இரண்டில் போட்டார், கடைசி வரை இரண்டிலேயே இருந்தார். நம் சின்ன கார்களில் இரண்டாவது கியர் 80 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். கொல்லைக்குள் அதைத் தொடுவதே அதிகம்.

அப்படிப் பார்த்தால் ஆட்டோகிராஸில் கியர் மாற்றும் திறமைக்குக் கிடைக்கும் மதிப்பெண் சொற்பம். பெரும்பங்கு கண்ணுக்கும் கைக்கும் வலது காலுக்கும்தான். பிறகு நான் ஏன் ஏழு நொடி பின்தங்கினேன்? கியரை மாற்றத் தெரியாததால் அல்ல. மாற்ற வேண்டாத இடத்தில் வண்டி மாற்றியதால்.

ஆட்டோ கியர் பெட்டிக்கு முன்னால் வருகிற வளைவு தெரியாது. சக்கரம் சுற்றும் வேகம், எஞ்சின் சுற்று, பெடல் எவ்வளவு அழுந்தியிருக்கிறது – இதைத்தான் பார்க்கும். கோனை நெருங்கும்போது காலை எடுக்கிறீர்கள். “ஓ, ஐயா நிதானமாகப் போகிறார், பெட்ரோல் மிச்சம் பிடிப்போம்” என்று மேல் கியருக்குப் போகிறது. கோனைத் தாண்டி மிதிக்கிறீர்கள், “ஐயோ, அவசரமா?” என்று கீழே வருகிறது. இந்தப் போக்குவரத்துக்குள் நொடிகள் கரைகின்றன.

எல்லா ஆட்டோ கியரும் ஒரே ஜாதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கும்போது விற்பனையாளர் இதை விளக்குவதில்லை. ஏஎம்டி என்பது அப்பட்டமான மேனுவல் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் நம் காலும் கையும் அல்ல. கணினி சொல்ல, உள்ளே இருக்கும் கருவிகள் செய்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் கார் ஒரு முறை தலையாட்டும், கவனித்திருப்பீர்கள். நேர்ச்சாலையில் அந்தத் தலையாட்டல் வெறும் எரிச்சல். வளைவுக்கு நடுவே வந்தால் காரின் எடை முன்னும் பின்னும் ஆடி, பிடிமானம் போய்விடும்.

டார்க் கன்வெர்ட்டர் வேறு விதம். எதிரெதிரே இரண்டு மின்விசிறியை வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வெட்டென்ற அறுப்பே கிடையாது, எல்லாம் வழுக்கலாகப் போகும். மண் பாதையில் புறப்படும்போது இது வரம். சக்கரம் குழி பறிக்காது. ஆனால் வழுக்கல் என்றால் சூடு. தொடர்ந்து ஓட்ட ஓட்ட அந்த எண்ணெய் சூடேறிக்கொண்டே போகும்.

டிசிடி என்பதற்கு இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. இரண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று தயாராகக் காத்திருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும். 2013-இல் இங்கே வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு இளைஞர்கள் மயங்கியதில் இந்த ஏழு கியர் பெட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. கோன்களுக்கு நடுவே இதுவே கூர்மையான ஆயுதம் என்பேன். ஆனால் உலர் கிளட்ச் உள்ள வகைகளில் ஊர்ந்து ஊர்ந்து வரிசையில் நிற்பது ஆகாது. போட்டியில் ஓடும் ஒரு நிமிடத்தைவிட, முறைக்காக வெயிலில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் இருபது நிமிடம்தான் அதைச் சுடும்.

கடைசியாக சிவிடி. இதைப் பற்றி நம் வீட்டுப் பெண்களிடம் கேட்கலாம், ஏனென்றால் பெட்ரோலில் ஓடும் ஸ்கூட்டி எல்லாம் சிவிடிதான். பெல்ட், இரண்டு கப்பி, படிகளே இல்லாத கியர். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முதலில் சத்தம், அப்புறம் வேகம். ‘ரப்பர் பேண்ட் மாதிரி’ என்று கார்க்காரர்கள் திட்டுவார்கள். ஆனால் வளைவு நடுவில் கியர் மாறும் உதறல் இதில் கிடையவே கிடையாது. (ஒரு இடைச்செருகல்: 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-க்கும் கிளட்ச் பிடிக்கும் வேலை இல்லை. பால்காரரும் மூட்டைக்காரரும் ஓட்டிய அந்த வண்டியை யாராவது ‘ஆட்டோமேட்டிக்’ என்று பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?)

இதற்கெல்லாம் மருந்து என்ன? பெரும்பாலான ஆட்டோ கியர் கார்களில் லீவர் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பாதை இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். நானும் அந்த ரகம்தான். அந்த மேனுவல் நிலைக்குத் தள்ளி, இரண்டாவது கியரில் நிறுத்திவிட்டால் வண்டி ‘சிந்திப்பதை’ நிறுத்திக்கொள்ளும். எஞ்சின் சுற்று உச்சத்தைத் தொட்டால் சில வண்டிகள் அப்போதும் தானாக மேலே போகும். அந்த எல்லைக்கு முன்பே காலைத் தளர்த்தப் பழக வேண்டும்.

செஞ்சிக்காரர்களுக்கு இதைக் குதிரை வீரன் தேசிங்கு ராஜன் கதையை வைத்துச் சொல்லலாம். குதிரைக்கு ஏது கிளட்ச்? நடை, துள்ளல், ஓட்டம் என்று தன் கால் வரிசையைக் குதிரை தானே மாற்றிக்கொள்ளும். எப்போது மாற்ற வேண்டும் என்பதை மட்டும் சவாரிக்காரன் தொடையாலும் கடிவாளத்தாலும் சொல்வான். சொல்லத் தெரியாதவனைக் குதிரை தன் இஷ்டத்துக்கு இழுத்துப் போகும். முதல் சுற்றில் எனக்கு நடந்தது அதுதான்.

சும்மா இருக்கும் கால்

கிளட்ச் இல்லாத காரை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் டெக்சாஸ்காரர் ஜிம் ஹாலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-களில் அவர் கட்டிய சாப்பரல் பந்தயக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் இருந்தது. கிளட்ச் பெடல் இல்லை. 1965-இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை அந்த கார் வென்றது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தையும் ஒரு சாப்பரல் தட்டிச் சென்றது. அதைவிட ருசியான சங்கதி: சும்மா கிடந்த இடது காலுக்கு ஹால் ஒரு வேலை கண்டுபிடித்தார். 1966-இல் வந்த சாப்பரல் 2இ-யின் பின்புறம் உயரத்தில் ஒரு இறக்கை நின்றது. நேர்ச்சாலையில் இடது காலால் ஒரு பெடலை மிதித்தால் இறக்கை படுத்துக்கொள்ளும், காற்றுத் தடை குறையும். வளைவு வந்ததும் காலை எடுத்தால் இறக்கை சாய்ந்து எழுந்து காரைத் தரையோடு அழுத்தும்.

டச்சு நிறுவனமான டாஃப், பெல்ட்டில் ஓடும் தன் சின்னஞ்சிறு கார்களை 1968-இல் லண்டன்–சிட்னி நெடும்பயணப் போட்டிக்கு அனுப்பியது. அந்தப் போட்டி பம்பாய் வழியாக வந்தது. இங்கிருந்துதான் கார்கள் கப்பலேறின. டாஃப் கார்களில் ஒன்று சிட்னி போயே சேர்ந்தது. அந்த கார்களில் முன்னே போகும் வேகத்தில் பின்னேயும் போக முடியும் என்பதால் டச்சுக்காரர்கள் ரிவர்ஸ் பந்தயமே நடத்திக் களித்தார்கள். அதை இங்கே யாரும் முயல வேண்டாம்.

ஃபார்முலா ஒன்னில் 1989 பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஃபெராரியில் ஜெயித்தது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டும் கியருக்குக் கிடைத்த முதல் வெற்றி. 2005-இல் நம் கோவை நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது கியர் நெம்புகோலும் கிளட்ச் பெடலும் அங்கே பழங்கதை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைத் தமிழ்நாடே கொண்டாடியதே, அந்த போர்ஷே காரிலும் ஓடும்போது கியர் மாற்றக் கிளட்ச் மிதிக்கும் வேலை கிடையாது. ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது: அங்கே எப்போது மாற்றுவது என்பதை ஓட்டுநர்தான் சொல்கிறார். முழுக்க முழுக்கத் தானாக மாறும் கியரை 2004 முதல் ஃபார்முலா ஒன் தடைசெய்துவிட்டது. ஓட்டுநரின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது என்பதே காரணம். கொல்லையில் மாஸ்டர் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

கதவு யாருக்குத் திறக்கிறது?

நுட்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இது. மோட்டார் பந்தயம் என்றாலே ஒரு குறிப்பிட்ட உருவம் நம் மனதில் நிற்கிறது: இருபது, இருபத்தைந்து வயது ஆண், பரம்பரையாக காரும் காசும் உள்ள வீடு. சோழவரம் காலத்திலிருந்து ஏறக்குறைய அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான அங்கே பந்தயம் பார்க்க மெட்ராஸே திரண்டு போனது. பார்த்தவர்கள் பல்லாயிரம், ஓட்டியவர்கள் சில டஜன்.

ஆட்டோகிராஸ் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது, ஆட்டோ கியர் இன்னும் கொஞ்சம் மாற்றுகிறது. முதன்முறை வருகிறவர் ஒரே நேரத்தில் கிளட்ச், கியர், பாதை மூன்றையும் நினைவில் வைக்கத் திணறிப்போவார். கிளட்சையும் கியரையும் கழித்துவிட்டால் அவர் பாதையை மட்டும் பார்க்கலாம். அடுத்த கோனை அல்ல, அதற்கும் அடுத்த கோனைப் பார்க்க வேண்டும் என்ற முதல் பாடத்தை மேனுவல்காரர் பத்தாவது சுற்றில் கற்றால், ஆட்டோ கியர்காரர் மூன்றாவதில் கற்பார். முழங்கால் தேய்ந்த ஐம்பது வயதுக்காரருக்கும் இது பொருந்தும்.

உடல் ஊனமுற்றவர்களுக்கு இது விளையாட்டுக்குள் நுழையும் வாசலே. இத்தாலிய வீரர் அலெக்ஸ் சனார்டி 2001-இல் ஜெர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். ஸ்டியரிங்கிலேயே ஆக்ஸிலேட்டர் பொருத்திய காரில் திரும்பி வந்து 2005-இல் உலக டூரிங் கார் போட்டியில் ஒரு பந்தயத்தை வென்றார். அவருக்கு ஒரு பெரிய நிறுவனமே காரைக் கட்டிக் கொடுத்தது. நம் ஊரில் கைக்கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு அன்றாடம் அலுவலகம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருடையது ஆட்டோ கியர் வண்டிதான். கோன் போட்ட மைதானத்துக்கு அவர்களைக் கூப்பிட இதுவரை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை என்பது என் வருத்தம்.

‘ஆட்டோ கியர் ஓட்டுகிறவர் ஓட்டுநரே அல்ல’ என்ற எண்ணம் சாலையிலும் இருக்கிறது. 2024-இல் கேரளப் போக்குவரத்துத் துறை, ஓட்டுநர் தேர்வுக்கு ஆட்டோமேட்டிக் காரும் மின்சார காரும் கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டுப் பெரிய சர்ச்சை ஆனது. கியர் மாற்றத் தெரியாமல் உரிமம் வாங்கிவிட்டு நாளை மேனுவல் வண்டியை எடுத்தால் என்ன ஆவது என்பது அவர்கள் கவலை. இந்தியாவில் இரண்டுக்கும் ஒரே உரிமம் என்பதால் அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டித் தேர்வில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம்.

போட்டிக் களத்தில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். நம் போட்டிகளில் பொதுவாக எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் பிரிவு பிரிப்பார்கள், கியர் பெட்டியைப் பார்த்து அல்ல. 1,200 சிசி ஏஎம்டியும் 1,200 சிசி மேனுவலும் ஒரே பிரிவு. ஆட்டோ கியருக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. புதியவர்களுக்கு என்று ஒரு பிரிவு வையுங்கள், அது போதும். ‘பெண்கள் பிரிவு’ மாதிரி ‘ஆட்டோ கியர் பிரிவு’ என்று ஒதுக்கினால் அந்த இளக்காரம் நிரந்தரமாகிவிடும்.

பில் யாருக்கு வரும்?

இனி, யாரும் பேச விரும்பாத பகுதி. வீட்டுக்குத் திரும்பியதும் என் காரின் காப்பீட்டுத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். தனியார் கார் பாலிசிகளில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்று ஒரு பத்தி இருக்கும், பொடி எழுத்து. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை இவற்றுக்குக் காப்பீடு செல்லாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அனுமதி பெற்ற போட்டி என்றாலும் அங்கே உங்கள் கார் உருண்டால் செலவு உங்களுடையது.

வாரண்டிக் கதையும் அதேதான். போட்டியில் ஓட்டியதால் வந்த பழுது என்று தெரிந்தால் கார் நிறுவனங்கள் கை விரித்துவிடும். மேனுவல் காரில் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் செஞ்சி மெக்கானிக்கே ஒரு நாளில் மாற்றிவிடுவார். டிசிடி கிளட்ச் போனாலோ, டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் கருகினாலோ, ஏஎம்டி-யின் இயக்கி மக்கர் செய்தாலோ வண்டியைப் பெரிய ஊருக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போது வரும் பில்லைப் பார்த்தால் பந்தய ஆசை மட்டுமல்ல, கார் ஆசையே விட்டுப்போகும்.

ஆகவே மாஸ்டர் எங்களுக்குப் போட்ட விதிகள் இவை: ஆட்டோ கியர் வண்டி தொடர்ந்து இரண்டு சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. நடுவில் பதினைந்து நிமிடம் நிழலில் நிற்க வேண்டும். வரிசையில் ஊர்ந்து நகராமல் லீவரை நியூட்ரலில் போட்டுக் காத்திருக்க வேண்டும். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒன்றாக மிதித்துச் சீறிக் கிளம்பும் சினிமா வித்தை கூடவே கூடாது. பல புது வண்டிகளில் அந்த வித்தை பலிக்கவும் பலிக்காது. பிரேக் அழுந்தியிருந்தால் கணினி எஞ்சினின் குரல்வளையைப் பிடித்துவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வாலைச் சுழற்றுவதும் பொத்தான் வைத்த வண்டிகளில் நடக்காது. எனக்கென்னவோ இவையெல்லாம் நல்லதற்கே என்று தோன்றுகிறது. வித்தை பலிக்காதபோது நேர்மையாகப் பிரேக் பிடித்துத் திரும்புவது ஒன்றுதான் வழி.

▣ பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

• மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189: மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடக்க அனுமதித்தாலும் அதில் பங்கேற்றாலும் குற்றம்.

• 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

• மறுபடியும் சிக்கினால்: ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இடம் கொடுங்கள்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. அது கட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறந்தது. கோவையில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவிலேயே பந்தய கார் கட்டிய கரிவர்தன் நினைவாக வைத்த பெயர். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுத் தெருப் பந்தயமே நடந்தது. நாட்டின் பந்தய வரலாற்றைத் தமிழ்நாட்டை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் அனந்தபுரத்துப் பையனுக்கு இருங்காட்டுக்கோட்டை போக மூன்று மணி நேரம் ஆகிறது. போய்ச் சேர்ந்தாலும் அது பெரிய பந்தயங்களின் இடம்.

அவன் என்ன செய்கிறான்? கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலையில் ராத்திரி பதினொரு மணிக்கு முறுக்கிப் பார்க்கிறான். சென்னைப் பையன் ஈசிஆரில் செய்வதை இவன் இங்கே செய்கிறான். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, வெளியூர் வண்டிகளும் குடும்பம் குடும்பமாக நடக்கிறவர்களும் சேர்ந்துவிட்ட சாலை அது. காவல்துறை பிடிக்கிறது, அபராதம் போடுகிறது, பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறது. அடுத்த வாரம் வேறு பையன்.

ஒரு ஆட்டோகிராஸுக்குத் தேவையான இடம் ஒரு பெரிய கல்லூரி மைதானம் அளவுதான். கோட்டைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அகழிக்கும் மதிலுக்கும் அந்த அதிர்வு ஆகாது. ஆனால் விழுப்புரத்தைத் தாண்டிப் போனால் உளுந்தூர்ப்பேட்டையில் சோழவரத்தின் கூடப்பிறந்தது மாதிரி ஒரு போர்க்கால ஓடுதளம் கிடக்கிறது. கலைக் கல்லூரி மைதானங்கள் இருக்கின்றன. ஒழுங்குமுறைச் சந்தைகளின் சிமெண்டுக் களங்கள் வரத்து இல்லாத மாதங்களில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. முறைப்படி அனுமதி, ஆம்புலன்ஸ், ஹெல்மெட், உரிமம் பெற்ற ஒரு கிளப்பின் மேற்பார்வை – இவ்வளவும் சேர்ந்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு நடத்தலாம். அபராதம் வசூலிக்கிற அதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், இருசக்கர வண்டிக்கு எட்டுப் போட வைக்கிற அதே மைதானத்தில், விடுமுறை நாளில் காருக்கும் எட்டுப் போடச் சொல்லிக் கடிகாரம் பிடித்தால் என்ன? அதிகாரிகள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். கொல்லையில் என்னைப் பார்த்துச் சிரித்ததைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

மறுபடியும் கொல்லை

மச்சானின் மனைவி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். ஹெல்மெட் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “ரெண்டாவதுலயே நிக்க வெக்கிறது எப்டிண்ணா?” லீவரைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினேன்.

முதல் சுற்று 46 நொடி, எதையும் இடிக்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது. இந்த முறை புறப்பாட்டில் மிதித்து அமுக்காமல், ஸ்கூட்டியை முறுக்குவது மாதிரி மெல்ல ஆரம்பித்து ஏற்றினார். வண்டி யோசிக்கவில்லை. ஐந்து கோன்களையும் கை பின்னாமல் கடந்தார். பெட்டிக்குள் திரும்பும்போது கண் ஏற்கெனவே வெளியேறும் வாசலில் இருந்தது. 42 நொடி. மாஸ்டரைவிட ஒரே நொடி அதிகம். என்னைவிட ஆறு குறைவு. நானும் அதே மேனுவல் நிலையில் இன்னொரு முறை முயன்றேன். 44.

மாஸ்டருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “குடுங்க, நானே பாக்குறேன்” என்று என் காரில் ஏறினார். முப்பது வருட அனுபவம். சீறிக்கொண்டு புறப்பட்டார். முதல் கோனுக்கு முன்பே, பழக்க தோஷத்தில், இரண்டாவது கியருக்குப் போக இடது காலால் கிளட்சை ஓங்கி மிதித்தார். அங்கே இருந்தது பிரேக்.

புழுதி அடங்கிப் பார்த்தபோது கார் முதல் கோனுக்கு ஒரு முழம் முன்னால் சிலை மாதிரி நின்றிருந்தது. மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி டாஷ்போர்டில் கிடந்தது.

“காலைக் கட்டிப் போடணும் போல இருக்குதே” என்றார். மச்சான் உண்மையிலேயே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.